பெரட்டு என்றே போடு

தம்பி, வாயால் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு வரப்போகிறவள், துளசிதான் காட்டிக்கொடுத்தாள். “மாமி, உங்கட குரல் அணில் கத்துற மாதிரிக் கேட்கும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நீ உட்கார வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கே உட்கார முடியவில்லை என்பது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் எதற்கு வந்தேன் என்று மறந்து போகிறது. இந்தப் பந்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். உன் அப்பா கதிரையில் இருந்தபடியே, “ஏன் இப்படி குட்டி போட்ட பூன மாதிரி சுத்துற, ஒரு எடத்துல இரேன்” என்கிறார். அவருக்கென்ன, இடி விழுந்தாலும் செய்தி பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு புத்தகம் கொடுக்கப் போகிறோம் என்று நீ சொன்னபோது நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். ஊரெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவும் குங்குமச்சிமிழும் கொடுக்கிற காலத்தில், என் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை மறுபடி அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதே. எழுதியவர் பெண் வீட்டுத் தாத்தா, எழுதப்பட்டவர் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா. இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜோசியன் கட்டத்திலும் வராது. அதனால்தான் நான் யாருக்கும் இரவல் கொடுக்காத என்னுடைய பிரதியை, பழைய சேலையில் சுற்றி, உன் கையில் கொடுத்தனுப்பினேன். எழுதிய மாஸ்டர் தாத்தாவின் பிரதியைச் செல் அரித்துவிட்டது என்றாய். சரி, என்னுடையதை வைத்துச் செய் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பிடிஎஃப் அனுப்பினாய். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, பார்த்துச் சொல்லுங்கம்மா என்று ஒரு வரியும் அனுப்பினாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் முதலில் தேடிப் போனது கீர்த்தனைகள் இருக்கிற பகுதிக்கு. அதிலும் பௌளி ராகத்தில் அப்பா செய்த அந்த ஒரு கீர்த்தனைக்கு. என் பிரதியில் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தின் மேல் நீலப் பேனாவால் திருத்தியிருப்பேன். ‘புரட்டு’ என்று அச்சாகியிருந்ததில் பு-வை வெட்டி, மேலே பெ என்று எழுதியிருந்தேன். நீ அனுப்பியதில் அது இல்லை. பக்கம் பளிச்சென்று இருந்தது. ‘விடியுமுன்னே புரட்டு’ என்று, முப்பது வருசத்துக்கு முந்தி அச்சுக்காரன் அடித்தது அடித்தபடியே நின்றது.

உடனே உனக்குப் போன் எடுத்தேன். “அது இங்க் கறைம்மா, ஸ்கேன்ல விழுந்துச்சு, கிளீன் பண்ணிட்டேன்” என்றாய். கறை இல்லை, நான் எழுதியது என்றேன். “தெரியும்மா” என்றாய். அந்த ‘தெரியும்மா’தான் தம்பி என்னை இந்தப் பாடு படுத்துகிறது. தெரியாமல் அழித்திருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

துளசியும் இதைப் படிக்கட்டும். அவள் பதுளை டவுனில் வளர்ந்த பிள்ளை, டாக்டர் வீட்டுப் பெண், தேயிலைத் தோட்டத்து வழக்கம் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாகவே எழுதுகிறேன். பெரட்டு என்றால் விடியற்காலையில் மலைக்கு ஏறுமுன் தோட்டத்துச் சனம் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. கணக்கப்பிள்ளை பேரை வாசித்து செக்ரோலில் குறிப்பார். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பிந்தி வந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், பாதி நாள் வேலை செய்த கணக்கு. புரட்டு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொய், பித்தலாட்டம். முதல் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்று எங்கள் சனம் குளிரில் நின்ற இடம், மற்றது ஊரை ஏமாற்றுகிற வேலை.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நீங்கள் ஏதோ பெரிதாகப் பேசுகிறீர்கள். அரிய பதிப்பாம், நூறு பிரதிகள் மட்டுமாம், ஒவ்வொன்றிலும் ஆசிரியர் கையெழுத்தில் எண்ணாம். லண்டனில் யாரோ சங்கீத ஆராய்ச்சிக்காரர் ஒரு பிரதி கிடைக்குமா என்று தேடுகிறார் என்று நீ காட்டினாய். ஏன் நூறு தெரியுமா? மாஸ்டருக்குக் கிடைத்த காகிதம் அவ்வளவுதான். அப்புறம் பாதி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் யார் யாருக்கோ போய், யுத்தத்திலும் இடம்பெயர்விலும் காணாமல் போயின. என்னுடையது தப்பியது பிள்ளைக்காம்பராவில் இருந்ததால். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த அறையில்தான் நான் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆயாவாகவும் பொறுப்பாளராகவும் வேலை பார்த்தேன். பால்மா டின்களுக்கு மேலே அந்தப் புத்தகம் இருக்கும். அதன் கீழ் மூலை கடிபட்டிருக்கும், பார்த்திருப்பாய். பல் முளைக்கிற நேரத்தில் கடித்தவள் இப்போது ஹாலிஎலவில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் லண்டன்காரர் கதையைச் சொன்னேன், வெட்கப்பட்டாள்.

என் அப்பா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். படித்துக் கணக்கப்பிள்ளை ஆனார். திருவிழாவுக்கு வந்த ஒரு நாதஸ்வரக்காரர் காய்ச்சலில் விழுந்து தோட்டத்திலேயே மூன்று மாதம் தங்கிவிட்டாராம். அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தே அப்பா ராகங்களைக் கற்றுக்கொண்டார். பிறகு கீர்த்தனை செய்ய ஆரம்பித்தார். சும்மா பஜனைப் பாட்டு இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம், எல்லாம் இலக்கணப்படி. மாஸ்டர் பதுளைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு கோயில் கும்பாபிஷேகத்தில் அப்பா பாடக் கேட்டார். அன்றிலிருந்து பஸ்ஸிலும் நடந்தும் மலையேறி வந்து, வந்து, எழுதிக்கொண்டே இருந்தார். மடுல்சீமைப் பாகவதர் என்ற பட்டமே அவர் வைத்ததுதான். அதற்கு முன் அப்பாவை எல்லாரும் ‘பாட்டுக் கணக்கப்புள்ள’ என்றுதான் சொல்வார்கள்.

இப்போது அந்தக் கீர்த்தனை பிறந்த கதை. இது நடந்தபோது நான் கைப்பிள்ளை, எனக்கு நினைவிருக்க வழியில்லை. ஆனால் லயத்தில் எத்தனையோ பேர் வாயால் கேட்டுக் கேட்டு நான் கண்ணால் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. அன்றைக்கு மழை. ஆட்களைக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு, அந்தப் பறை, அடித்தாயிற்று. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது, ஆயா இன்னும் வரவில்லை. ஈரத்தில் பிள்ளையை எங்கே போடுவது? அம்மா நின்றாள். ஆயா வந்து கதவைத் திறந்து என்னை வாங்கிக்கொண்ட பிறகு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். அதற்குள் பேர் வாசித்து முடிந்துவிட்டது. செக்ரோலோடு நின்றவர் அப்பா. பக்கத்தில் தொர, தோட்டத்து மேலாளர், குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரிக்குச் சலுகை காட்டினான் என்று வந்துவிடுமே என்று அப்பாவுக்குப் பயம். பிந்தி வந்த மற்றப் பெண்களுக்குப் போட்டமாதிரியே அம்மாவுக்கும் அரைப் பேர் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுதப் போனார்.

அம்மா நகரவில்லையாம். வீட்டில் அப்பாவை ‘ஏங்க’ என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். “கணக்கப்புள்ள அய்யா, வந்தது அரை ஆளா? முழு ஆளுதான வந்து நிக்கிறேன். அரைப் பேரு போடாதீங்க.” தொரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், குடைக்குள்ளே சிரித்தாராம். வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்பா தலை நிமிராமல் அரைப் பேரையே போட்டார்.

பிறகு ஒரு வாரம் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லை. தண்ணீர் கேட்டால் செம்பு வரும், குரல் வராது. அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பஜனையில் அப்பா எழுந்து நின்று புதுக் கீர்த்தனை ஒன்று பாடினார்.

விடியுமுன்னே பெரட்டு – முருகா
வேலோடு நீ நிற்க
முழு ஆளாய் வந்தேனே – ஐயா
அரைப் பேர் போடாதே

ராகம் பௌளி. அப்பா முருகனிடம் கேட்கிற மாதிரித்தான் பாடினார். ஆனால் கோயிலில் இருந்த பெண்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது, அது யார் வாயில் வந்தது, யாரிடம் கேட்டது என்று. ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்களாம். பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். “பாட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. செக்ரோல்ல அரைப் பேரு அரைப் பேராத்தான் இருக்கு.” இதை அம்மாவே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

அன்றிலிருந்து அந்தக் கீர்த்தனை தோட்டத்துப் பெண்களுடையது ஆகிவிட்டது. கொழுந்து கிள்ளும்போது பாடினார்கள், பீலிக் குழாய்த் தண்ணீரில் துணி துவைக்கும்போது பாடினார்கள். நான் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினேன். பௌளி தாலாட்டுக்கு ஆகாத ராகம் என்று மாஸ்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார். என் பிள்ளைகளுக்கு அது தெரியாது, தூங்கினார்கள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது அப்பா செத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. மாஸ்டர் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் சத்தமாக வாசிக்க, அவள் சொளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறந்தது, வளர்ந்தது, நாதஸ்வரக்காரர், பொன்னாடை போர்த்தியது எல்லாம் வந்தது. அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது, ‘இவரது இல்லாள் பதிபக்தி மிக்கவர்’ என்று. “அப்புடின்னா என்னா?” என்றாள். புருசன் சொன்னதைக் கேட்டு நடக்கிறவள் என்றேன். அரிசி சிதறுகிற அளவுக்குச் சிரித்தாள். பேர்கூட இல்லாத அந்த ஆள் யாரோ என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

அதற்குப் பிறகுதான் ஏழாம் அத்தியாயம். ‘பாகவதரின் மாயாவாதம்’ என்று தலைப்பு. விடியுமுன்னே புரட்டு என்றால் ஞானம் விடியும் முன் இந்த உலகமெல்லாம் பொய் என்று அர்த்தமாம். முழு ஆள் என்றால் பூரண புருஷன். அரைப் பேர் என்றால் நாமமும் ரூபமுமாகிய இந்தப் பாதி வாழ்க்கை. நான் வாசிக்க வாசிக்க அம்மாவின் கையில் சொளகு நின்றுவிட்டது. திருப்பி வாசி என்றாள். ‘விடியுமுன்னே புரட்டு’ என்று திருப்பி வாசித்தேன். அம்மா என்னையே பார்த்துக் கேட்டாள்.

“அப்ப நான் கேட்டது புரட்டா?”

அச்சுக்காரன் பிழை விட்டுவிட்டான் என்றேன். பேனாவை எடுத்து அவள் கண் முன்னாலேயே பு-வை வெட்டிப் பெ என்று எழுதினேன். எழுத்துத் தெரியாத அம்மா குனிந்து அந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். சரியாகிவிட்டதா என்று கேட்டாள், சரியாகிவிட்டது என்றேன். பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். நீ கறை என்று சொன்னது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு இவ்வளவும் சொல்ல வரவில்லை. கோபத்தில் எனக்கு வார்த்தை குழறும் என்று உனக்குத் தெரியும். நீ நிதானமாகப் பேசினாய். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வருகிறவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்றே தெரியாது, எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள் என்றாய். ரிசப்ஷனில் துளசியின் தோழிகள் அந்தக் கீர்த்தனையைப் பாடப் போகிறார்கள், அவர்கள் புத்தகத்தில் இருக்கிறபடியேதான் பழகியிருக்கிறார்கள் என்றாய். எல்லாவற்றுக்கும் மேலே, “மாஸ்டர் தாத்தா எழுதினத நாம திருத்தினா அவரு மனசு நோகும்மா” என்றாய். அந்தக் கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். முதல் காரணத்தை மதிக்கவில்லை. தெரியாதவர்களுக்குச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள். பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வருசம் நீ கொப்பி அட்டையில் தோட்டத்தின் பேரை எழுதாமல் ஹாலிஎல என்று மட்டும் எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைக்கு எது வசதியோ அப்படி இருக்கட்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்று உன் மாமியார் என் வேலையைக் கேட்டபோது நானும் ‘தோட்டத்துல ஸ்டாஃப்’ என்று மென்று முழுங்கினேன். ஆக, நான் ஒன்றும் உன்னைக் கூண்டில் ஏற்றவில்லை. இதெல்லாம் எனக்கும் பழகிய நோய்தான்.

போனை வைத்த பிறகும் ஆறவில்லை. எல்லாம் இந்த மாஸ்டரால் வந்தது என்று முப்பது வருசமாக மனதுக்குள் வைத்திருந்தேன். நல்ல மனுசன், ஆனால் எங்கள் பேச்சு தெரியாமல் காதில் விழுந்ததைத் திரித்து, அதற்கு மேல் வேதாந்தமும் கட்டிவிட்டார் என்று. திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவுக்கும் சொல்லாமல் பதுளைக்கு பஸ் ஏறினேன். கல்யாணம் முடிகிறவரை சம்பந்தி வீட்டில் வாயை அடக்கிக்கொண்டு இரு என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதப் போகிறோமே என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது. போகாமலும் இருக்க முடியவில்லை.

மாஸ்டர் வெயிலில் கதிரை போட்டு இருந்தார், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை. என்னைக் கண்டதும், “இருங்கோ பிள்ளை” என்று எழும்பப் பார்த்தார். கல்யாணப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் பேசி, தேத்தண்ணியும் வந்து, ஆறியும் போனது. பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன். மாஸ்டர், அந்தச் சொல் பெரட்டுதானே, நீங்கள் ஏன் புரட்டு என்று எழுதினீர்கள் என்று. அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“நான் பெரட்டு எண்டுதான் எழுதினனான், பிள்ளை. உங்கட அப்பாதான் என்ர பேனையை வாங்கி வெட்டினவர். ‘மாஸ்டர், இது எங்க வீட்டுச் சண்ட, ஊருக்கு வேணாம்’ எண்டவர். சத்தியமும் வாங்கிப்போட்டார்.”

அவர் மெல்லச் சிரித்தார். ஒரு எழுத்தைக் காப்பாற்ற ஒரு அத்தியாயமே எழுத வேண்டியதாகப் போய்விட்டது, அந்த அத்தியாயம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். நன்றாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இப்போதாவது மாற்றலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “நான் வாக்குக் குடுத்தனான். மீற ஏலாது. ஆனா புரூஃப் பாக்கிறது உங்கட மகன். அவரிட்ட ஆரும் சத்தியம் வாங்கேல்லை.”

திரும்பி வரும்போது ஹாலிஎலவில் இறங்க மறந்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ரயில் பாதை ஓரமாகத் திரும்பி நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் ஏறியது, இறங்கவில்லை. யார் மேல் என்று கேட்காதே, செத்த மனுசன் மேல்தான். என் அப்பா கெட்டவர் இல்லை தம்பி. அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள் எத்தனை பேர் கையை ஓங்கினார்கள், இவர் சத்தம் போட்டதுகூட இல்லை. அம்மா சொன்ன மூன்று வரியின் அழகு அவர் காதுக்குத்தான் விளங்கியது, வேறு யாருக்கு விளங்கியிருக்கும்? ஆனால் பொன்னாடை போர்த்துகிற பெரிய மனிதர்கள் வந்தபோது, பாட்டை வைத்துக்கொண்டு அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார். லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சண்டை, யாருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார்? கொழும்புக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று. நீயும் அதே ஆட்களுக்குப் பயந்துதான் அழித்திருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரையாவது இனிக் கேட்க முடியாது, உன்னைக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “யாரு படிக்கப் போறா? கொண்டு போய் ஷோகேஸ்ல வைப்பாங்க” என்றார். அவர் சொல்வதும் சரிதான். எனக்கே அந்த ஏழாம் அத்தியாயத்தை இதுவரை முழுசாகப் படிக்க முடிந்ததில்லை. ஆனாலும் ஷோகேஸுக்குள் எதை வைக்கிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. என் அம்மா கேட்ட கேள்விக்கு நான் அச்சுக்காரன் பிழை என்று பதில் சொன்னேன். அது பிழையே இல்லை, தன் புருசன்தான் வெட்டினார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிறேன். சிரித்திருப்பாளோ, இன்னொரு வாரம் பேசாமல் இருந்திருப்பாளோ. அவர் படத்துக்கு முன்னாலேயே செம்பை டங்கென்று வைத்திருப்பாள்.

கல்யாணம் செய்யப் போகிற பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்குச் சமைக்கத் தெரியும், சிக்கனம் தெரியும், நான் சொல்ல இதைவிட வேறு இல்லை. துளசி உன்னை எல்லார் முன்னாலும் ஒருநாள் கேட்பாள். கேட்காமல் இருக்க அவள் பொம்மை இல்லை. அன்றைக்கு அவள் கேட்டது நியாயமாக இருந்தால், அங்கேயே, அந்த ஆட்கள் முன்னாலேயே, நியாயம் என்று சொல்லிவிடு. முடியாவிட்டால் வீட்டுக்கு வந்தாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல். என் அப்பா ஊருக்கெல்லாம் ராகம் போட்டுப் பாடினார். அம்மாவிடம் ஒரு வார்த்தை தனியாகச் சொன்னதாக அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு நல்ல கீர்த்தனையாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

மழை பிடித்துவிட்டது, கொடியில் துணி கிடக்கிறது, எழுந்து போய் வந்தேன். முடித்துவிடுகிறேன். மாயாவாத அத்தியாயத்தில் கை வைக்காதே. அது ஒரு மனுசன் வாக்குக்காகக் கஷ்டப்பட்டு எழுதியது, அப்படியே இருக்கட்டும், படிக்கிறவர்கள் குழம்பினால் குழம்பட்டும். துளசியின் தோழிகளிடம் நீயே பேசு, இன்னும் நாள் இருக்கிறது, ஓர் எழுத்தை மாற்றிப் பாடப் பெரிய சாதகம் தேவையில்லை. கீர்த்தனை இருக்கிற பக்கத்தில் பெரட்டு என்றே போடு. நூறு பிரதியோ ஐந்நூறு பிரதியோ, அந்தப் புத்தகம் முழுவதிலும் என் அம்மாவுக்கு இருக்கிற இடம் அந்த ஓர் எழுத்துத்தான் தம்பி. பதிபக்தி மிக்க இல்லாள் அவள் இல்லை, மழையில் நனைந்துகொண்டு கேட்டவள்தான் அவள்.

கீர்த்தனைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியும் சேர். இந்தச் சொற்களை முதலில் பெரட்டுக் களத்தில் சொன்னவர் இன்னார், பாகவதரின் மனைவி, கொழுந்து பறித்தவர் என்று. இன்னார் என்ற இடத்தில் எழுதுவதற்கு உனக்கு அவள் பேர் தெரியுமா என்று இப்போதுதான் யோசித்தேன். தெரிந்திருக்காது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள், அம்மாயி என்று கூப்பிட்டதோடு சரி. நானும் சொல்லித்தரவில்லை.

பெரியசாமி காத்தாயி. முழுப் பேரையும் போடு.